மீனு விக்குதாக்கா

முதலில் சர்க்கரைதான்.
ஒன்றரை லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், கால் ஸ்பூன் ஈஸ்ட்,
மூடியில் ஓட்டை, ஓட்டையில் சலைன் குழாய்.
நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது.

சத்துவாச்சாரியில் மே மாதம் என்றால் மே மாதம்.
பாட்டிலுக்குப் பைத்தியம் பிடித்தது.
விளக்கணைந்த பிறகு செடிகள் எதையும் வாங்கிக்கொள்வதில்லை;
ஈஸ்டுக்கு யார் போய்ச் சொல்வது?
நைட் டியூட்டி முடிந்து ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன்,
பதினோரு மீனும் மேலே,
தண்ணீரின் தோலில் வாய் ஒட்டிக்கொண்டு.

அந்த வாய்களை எனக்குத் தெரியும்.
மணிக்கட்டில் எடுத்த ரத்தத்தை ஐஸில் புதைத்து
ஓடிவந்து கொடுப்பார்கள் என் மெஷினுக்கு.
ஒரு நிமிஷத்தில் எண் வரும். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று.
வார்டுக்குப் போன் போட்டு எண்ணைப் படிப்பேன்.
எண்ணுக்குச் சொந்தக்காரர் கௌஹாத்தியிலிருந்து வந்தவரா
குடியாத்தமா என்று கேட்டதில்லை.

எட்டு மணி நேரம் எந்த வாயு கூடக் கூடாதென்று பார்க்கிறேனோ
அதையே வீட்டில் காசு கொடுத்து ஏற்றுகிறேன்.
ஜெபக்கனி சிரித்தாள்: ஒனக்குக் கிறுக்கு.

ஒன்பது மீன் பிழைத்தது.

லாங் பஜார் சந்தில் இம்தியாஸ் மூன்று டப்பா பிரித்தான்.
கைக்கடக்கமாக ஒரு குட்டி சிலிண்டர், தீர்ந்தால் தூக்கிப் போடணும்.
வருஷக் கணக்குப் போட்டேன், தூக்கிப் போடுவது என் சம்பளம்.
எலுமிச்சை உப்பும் சோடா உப்பும் கலக்கும் ஸ்டீல் குடுவை:
அழகு, ஆனால் இரண்டு வாரத்துக்கொரு முறை சமையல்.
நான் வீட்டில் சமைப்பதே அவ்வளவுதான்.
மூன்றாவதின் விலையைத் திருப்பிவைத்துக் காட்டினான்.

கொசப்பேட்டையில் சோடா கம்பெனி வைத்திருக்கிறாள் குணவதி.
என்னோடு பத்தாவது படித்தவள், கணக்கில் என்னைவிட மேல்.
ஐந்து கிலோ சிலிண்டரை உருட்டிவந்தாள்.
தோளில் குத்தியிருந்த தேதி மூன்று வருஷம் பழசு.
இத எடுக்காத, டெஸ்ட் முடிஞ்சத தரேன் என்று
வேறொன்றை உருட்டினாள்.
தராசில் தூக்கி வைத்தாள்.
முள்ளு பொய் சொல்லும்டி, கடைசி வரைக்கும்
நெறைய இருக்குன்னே காட்டும். எடை பாரு.
பிறகு, யாருக்கு இது?
மீனுக்கு.
மீனுக்கா? விக்குமா அதுக்கு?

ரெகுலேட்டரில்தான் பத்து நாள் போனது.
ஒற்றை அடுக்கு மலிவு. ஆனால் சிலிண்டர் காலியாகும் நேரத்தில்
மிச்சத்தையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடுமாம்.
அதுவும் நான் டியூட்டியில் இருக்கும்போதுதான் கொட்டும்,
எனக்குத் தெரியாதா என் ராசி.
இரட்டை அடுக்கு வாங்கினேன். வாஷிங் மெஷின் தள்ளிப்போனது.
விளக்கோடு சேர்ந்து மூடும் வால்வு. கரண்ட் போனாலும் மூடிக்கொள்ளும்,
எங்கள் தெருவில் இது சின்ன விஷயமில்லை.
தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்க ஒரு தடுப்பு, முப்பது ரூபாய்.

உள்ளே தொங்கும் கண்ணாடிக் குமிழுக்கு
எங்கள் போர் தண்ணீர் ஆகாது. பக்கெட்டிலேயே
சுண்ணாம்பு வளையம் விடுகிற தண்ணீர்.
பெட்ரோல் பங்கில் பேட்டரித் தண்ணீர்,
சோடா உப்பை லேபின் தராசில் நிறுத்தேன்,
யாரும் பார்க்காத நேரம்.
நீலம் என்றால் போதாது. மஞ்சள் என்றால் ஆபத்து.
பச்சை.
ஆனால் அது காட்டுவது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய சேதி.
ஐஸில் வரும் ரத்தம் அதைவிடப் புதுசு.

மதியம் மூன்று மணி. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
மலைப்பாறையெல்லாம் அடுப்புக்கல்.
ரொட்டாலா இலைக்கு அடியில் ஒரு வெள்ளிப் பொட்டு
பெருத்து, தயங்கி, விட்டு மேலே போனது.
இன்னொன்று.
தூங்க வேண்டிய நேரம். உட்கார்ந்து எண்ணினேன்,
நாடி பார்க்கிற பழக்கத்தில், விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு.

எட்டு மணிக்கு டக்கென்று வால்வு மூடியது.
ஒரு மீன் மட்டும் இன்னும் மேலேதான் சுற்றுகிறது,
குமிழ் பச்சையாக இருந்தும்.
பழக்கமா, பயமா, தெரியவில்லை.
பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.
கிரீன் சர்க்கிள் தாண்டும்போது குணவதியின் மெசேஜ்:
மீனு விக்குதாக்கா?